நாகமலையின் அரச மிளகாய்

அறுசுவையை வகுத்த நம் முன்னோர் கார்ப்பையும் ஒரு சுவையாகவே கொண்டனர். கைப்பு, புளிப்பு, துவர்ப்பு, உவர்ப்பு, இனிப்பு என்னும் ஐந்தோடு அதனையும் ஒருங்கே வைத்து எண்ணினர். இக்கால விஞ்ஞானமோ அதனைச் சுவைகளின் வரிசையிலிருந்து நீக்கிவிட்டது. நாவிலுள்ள சுவைமொட்டுகள் உறைப்பை அறிவதில்லை. சூட்டையும் நோவையும் அறியும் நரம்புகளே அதனை அறிகின்றன. கையிற் பட்டாலும் கண்ணிற் பட்டாலும் மிளகாய் எரிவது இதனாலேதான். வெல்லத்தைக் கண்ணில் தடவினால் கண் இனிப்பதில்லையே! ஆகவே உறைப்பு என்பது மனிதன் விரும்பித் தன் கலத்தில் இட்டுக்கொள்ளும் ஒரு நோவு என்று சொல்லுதல் பொருந்தும்.

அந்த நோவின் எல்லையைக் கண்டறிய வேண்டுமென்று மனிதன் புறப்பட்டபோது, இந்தியாவின் வடகீழ்க் கோடியிலே, அசாம் சமவெளியிலும் நாகமலைகளிலும் மணிப்பூர்ப் பள்ளத்தாக்கிலும் தலைமுறை தலைமுறையாகப் பயிரிடப்பட்டு வந்த ஒரு மிளகாய் அவன் கண்ணிற் பட்டது. 2007ஆம் ஆண்டிலே கின்னஸ் சாதனை நூலார் உலகத்தின் மிக உறைப்பான மிளகாய் இதுவே என்று அறிவித்தனர். அன்று முதல் உலகம் அதனை ஓர் எண்ணாகவும் ஓர் அச்சமாகவும் அறிந்துவருகின்றது. பிறந்த மண்ணில் அதற்குள்ள பெயர் வேறு, பெருமையும் வேறு. அவ்விரண்டையும் ஒருங்கே வைத்துப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

பெயர்கள் சொல்லும் கதை

ஒரு பொருளுக்குப் பல பெயர்கள் வழங்குமாயின் அப்பொருளோடு பல மக்கள் பழகியிருக்கின்றனர் என்பது பெறப்படும். அசாமிய மொழியிலே மிளகாய்க்கு ‘ஜலக்கியா’ என்று பெயர். இம்மிளகாயை அவர்கள் ‘போட் ஜலக்கியா’ என்பர். ‘போட்’ என்பது பூட்டான் நாட்டையும் அதன் மக்களையும் குறிக்கும் சொல். பூட்டான் மலைகளின் பக்கமிருந்து வந்த மிளகாய் என்பது இதன் பொருள். ஆங்கில எழுத்திலே இச்சொல் எழுதப்பட்டபோது ‘பூத்’ என்று திரிந்தது. பூதம் என்னும் வடசொல்லோடு அத்திரிபு ஒத்திருந்தமையால், மேலைநாட்டார் அதனைப் பேய் மிளகாய் என்று மொழிபெயர்த்துக்கொண்டனர். ஓர் எழுத்தின் ஒலி பிறழ்ந்த அளவிலே ஓர் ஊர்ப்பெயர் பேயின் பெயராகிவிட்டது! இன்று உலகச் சந்தைகளிலே பேய் உருவம் பொறித்த புட்டிகளில் விற்கப்படும் குழம்புகளெல்லாம் இப்பிறழ்ச்சியின் பிள்ளைகளே.

அசாமிலேயே இதற்கு ‘பிஹ் ஜலக்கியா’ என்று இன்னுமொரு பெயர் உண்டு. நஞ்சு மிளகாய் என்பது அதன் பொருள். ‘நாகா ஜலக்கியா’ என்பது மற்றொன்று. இங்கே நாகா என்பது பாம்பைக் குறிப்பதன்று. அங்காமி, ஆவோ, சூமி, லோதா, செலியாங் முதலிய பல குலத்தாருக்குப் பொதுப்பெயராய் வழங்கும் மலைமக்களின் பெயர். ஈழத்துப் பழங்கதைகளிலே வரும் நாகரோடு இவர்களை இணைத்து மயங்குதல் கூடாது. மணிப்பூரிலே மெய்தேயி மொழி பேசுவோர் இதனை ‘உ மொரோக்’ என்பர். ‘உ’ என்றால் மரம். ‘மொரோக்’ என்றால் மிளகாய். சிறு மரம்போல் ஓங்கிப் பல காலம் நின்று காய்ப்பதனால் மரமிளகாய் என்றனர் போலும். வங்காள தேசத்துச் சில்லெட் மக்களுக்கோ இதன் நெருங்கிய உறவான காய் ‘நாகா மொரிச்’.

இப்பெயர்கள் யாவற்றிலும் எழில் மிக்கது நாகாலாந்திலே வழங்கும் பெயர். பல மொழி பேசும் நாகக் குலத்தார் தமக்குள் உரையாடுவதற்குக் கையாளும் நாகாமிய மொழியிலே இதற்கு ‘ராஜா மிர்ச்சா’ என்று பெயர். அரச மிளகாய் என்பது பொருள். வெளியுலகம் பேயைக் கண்ட இடத்தில் அம்மலைமக்கள் ஓர் அரசனைக் கண்டனர். பேயைக் கண்டோர் அஞ்சுவர். அரசனைக் கண்டோர் மதிப்பர். ஒரே காயை இரு கூட்டத்தார் எவ்வாறு நோக்கினர் என்பதை இவ்விரு பெயர்களுமே காட்டிவிடுகின்றன.

கடல் கடந்த விதை

மிளகாய் ஆசியாவுக்கு உரியதன்று என்பதை ஆசிரியரும் மாணவரும் அறிவர். எனினும் சமையலறையிலே அது பெற்றுள்ள ஆட்சியைப் பார்க்கும்போது, ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன்னர் நம் நாட்டிலே இது இருக்கவில்லை என்பதை மனம் எளிதில் ஏற்பதில்லை. சங்கப் பாடல்களிலே யவனர் மரக்கலங்கள் ஏற்றிச் சென்றதாகப் பேசப்படும் ‘கறி’ மிளகே, மிளகாயன்று. மிளகைப்போல் எரிக்கும் காய் ஒன்று புதிதாக வந்தபோது தமிழர் அதனை ‘மிளகாய்’ என்று பழம்பெயரோடு ஒட்டி அழைத்தனர். மட்டக்களப்புப் பகுதியிலே வழங்கும் ‘கொச்சிக்காய்’ என்னும் பெயரோ கொச்சித் துறைமுகத்தை நினைவூட்டுகின்றது. பெயரிலேயே வரவின் சுவடு பதிந்திருக்கின்றது.

மிளகாய்க் குடும்பத்தின் தாயகம் தென் அமெரிக்கா. மனிதன் வீட்டுப் பயிராக்கிக்கொண்ட மிளகாய் இனங்கள் ஐந்து. அவற்றுள் ஒன்று ‘கப்சிக்கம் சைனென்சே’ என்பது. அமேசன் ஆற்றுப் படுகையிலே பயிராக்கப்பட்டு, மேற்கிந்தியத் தீவுகளுக்குப் பரவிய இனம் இது. மெக்சிக்கோவின் யுக்கத்தான் பகுதியிலே பேர்பெற்ற அபனேரோவும், கரிபியன் தீவுகளின் ‘ஸ்கொச் பொனற்’ மிளகாயும் இவ்வினத்தைச் சேர்ந்தவை. சைனென்சே என்றால் ‘சீனத்துக்குரியது’ என்று பொருள். 1776ஆம் ஆண்டிலே யக்கீன் என்னும் தாவரவியலறிஞர் இதன் பிறப்பிடம் சீனமென்று கருதி அப்பெயரை இட்டார். அமேசன் காட்டிற் பிறந்த செடி சீனத்தின் பெயரைத் தாங்கியது. பின்னர் அதே இனத்துக் காயொன்று பூட்டானின் பெயரைத் தாங்கி, அதுவும் பேயென்று திரிந்தது. பிறந்த இடத்தின் பெயர் மட்டும் இந்த இனத்துக்கு வாய்க்கவில்லை!

1492ஆம் ஆண்டிலே கொலம்பஸ் மேற்கிந்தியத் தீவுகளை அடைந்தார். அவர் தேடிச் சென்றது மிளகு; கண்டது மிளகாய். 1498இல் வாஸ்கோ ட காமா கள்ளிக்கோட்டையில் இறங்கினார். 1510இல் போர்த்துக்கேயர் கோவாவைக் கைப்பற்றினர். பிரேசிலும் கோவாவும் ஒரே அரசின் துறைகளாய் இருந்த அக்காலத்திலே, அவர்தம் கலங்கள் வழியாக மிளகாய் விதைகள் இந்தியக் கரையை அடைந்தன. வங்காளத்திலும் போர்த்துக்கேய வணிகர் குடியேறினர். மிளகுக்கொடியை நட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருத்தல் வேண்டும். மிளகாயோ சில திங்களிற் பலன் தரும். ஏழையின் முற்றத்திலும் அது முளைத்தது. பணம் படைத்தோர்க்கே உரியதாயிருந்த காரத்தை எல்லோர்க்கும் உரிமையாக்கியது மிளகாயே எனலாம்.

நாகமலை மிளகாயின் பரம்பரையை நியூ மெக்சிக்கோ அரச பல்கலைக்கழகத்து ஆய்வாளர் ஆராய்ந்து 2007இல் வெளியிட்டனர். அது பெரும்பாலும் சைனென்சே இனத்தைச் சேர்ந்தது என்றும், ‘கப்சிக்கம் புரூற்றெசென்ஸ்’ என்னும் மற்றோர் இனத்தின் கலப்பும் அதிலுண்டு என்றும் அவ்வாய்வு காட்டியது. நம் வீட்டு வேலியோரத்திலே வானை நோக்கி நிமிர்ந்து காய்க்கும் சின்னஞ்சிறு உறைப்பு மிளகாய்கள் பல அந்த இரண்டாம் இனத்தைச் சேர்ந்தவையே. சைனென்சே இனமும் இலங்கைக்கு அந்நியமன்று. சிங்கள மக்கள் ‘நை மிரிஸ்’ என்று விரும்பி உண்ணும் மணமிக்க மிளகாய் அவ்வினத்ததே. நாகமலையின் அரசனுக்கு நம் நாட்டிலும் உறவினர் உளர்.

செடியும் காயும்

இச்செடி ஒன்றரை முழம் முதல் மூன்று முழம் வரை வளரும். இலைகள் அகன்று, மேற்பரப்புச் சற்றுச் சுருங்கியவை. ஒரு கணுவிலே இரண்டு மூன்று பூக்கள் கூடிப் பூப்பது சைனென்சே இனத்தின் இயல்பு. இதிலும் அவ்வியல்பைக் காணலாம். பூ பசுமை கலந்த வெண்ணிறமானது. காய் இரண்டரை முதல் மூன்றரை அங்குல நீளமும் ஓர் அங்குல அகலமும் கொண்டு, அடியிற் பருத்து நுனியிற் கூம்பித் தொங்கும். தோல் மிக மெல்லியது; வழவழப்பின்றி மேடும் பள்ளமுமாய் இருக்கும். பழுத்தால் பெரும்பாலும் செந்நிறம். மஞ்சளும் செம்மஞ்சளும் கபிலமும் உண்டு. விதை முளைக்க நெடுநாள் எடுக்கும். ஏனைய மிளகாய்களைப்போல் எளிதிற் காய் பிடிப்பதுமில்லை.

மணமே இதன் தனிச்சிறப்பு. காயைக் கிள்ளியவுடன் கனிந்த பழத்தின் வாசனை போன்றதொரு நறுமணம் எழும். முதற் கணத்திலே அம்மணமும் ஓர் இனிமையுமே தோன்றும். உறைப்பு உடனே எழுவதில்லை. சில நொடி கழித்துத் தொண்டையிலே தொடங்கி, வாய் முழுவதும் பரவி, நெடுநேரம் நின்று எரியும். அறியாதவன் இரண்டாம் முறையும் கடித்துவிடுவது அந்தத் தாமதத்தினாலேதான்.

உறைப்பு விதையில் இருக்கின்றது என்று பலர் எண்ணுவர். உண்மையில் விதைகள் ஒட்டிக்கொண்டிருக்கும் வெண்ணிற நரம்புத் தசையிலேயே அது ஊறுகின்றது. விதையில் ஒட்டுவது அங்கிருந்து தெறித்ததே. சாதாரண மிளகாயின் நரம்பை நீக்கினால் உறைப்பின் பெரும்பகுதி நீங்கிவிடும். இம்மிளகாயிலோ அந்த உபாயம் பலிக்காது. 2015இல் வெளிவந்த ஆய்வொன்று, இத்தகைய கடும் உறைப்பு மிளகாய்களிலே காய்ச்சுவரின் உட்புறத்திலும் உறைப்புச் சாறு நிறைந்த நுண்பைகள் பரவியிருப்பதைக் காட்டியது.

உறைப்பை அளந்த கதை

உறைப்பூட்டும் பொருளுக்குக் கப்செய்சின் என்று பெயர். 1876இல் இங்கிலாந்தைச் சேர்ந்த திரெஷ் என்பவர் அதனை ஏறத்தாழத் தூய நிலையிற் பிரித்தெடுத்துப் பெயரிட்டார். நிறமில்லை, மணமில்லை, நீரிற் கரைவதுமில்லை. எண்ணெயிலும் மதுசாரத்திலும் கரையும். மிளகாய் கடித்தவன் நீரைக் குடித்தால் எரிவு தணியாமல் வாயெங்கும் பரவுவதற்குக் காரணம் இதுவே. பாலும் தயிரும் தணிக்கும். பாலிலுள்ள புரதம் கப்செய்சினைப் பற்றிக் கழுவிக்கொண்டு செல்லும். விஞ்ஞானம் படியாத நம் பாட்டிமார் உறைப்புக்குத் தயிரை எடுத்துக் கொடுத்தது அனுபவத்தின் அறிவு.

1912ஆம் ஆண்டிலே ஐக்கிய அமெரிக்காவில் வில்பர் ஸ்கோவில் என்னும் மருந்தியலறிஞர் உறைப்பை அளக்க ஒரு முறை வகுத்தார். உலர்ந்த மிளகாயின் சாற்றை மதுசாரத்தில் இறக்கி, அதனைச் சர்க்கரை நீரிற் சிறிது சிறிதாகக் கரைத்து, சுவைப்போர் ஐவர்க்குக் கொடுப்பார். உறைப்பு அவர்களுக்குத் தெரியாமற்போகும் வரையில் எத்தனை மடங்கு நீர் சேர்த்தாரோ அதுவே அம்மிளகாயின் அளவு. இன்று சுவைப்போர் வேண்டுவதில்லை; சாற்றின் கூறுகளைத் தனித்தனியே பிரித்து அளக்கும் கருவிகள் வந்துவிட்டன. எனினும் அளவுக்கு ஸ்கோவிலின் பெயரே நிலைத்துவிட்டது.

மெக்சிக்கோவின் ஹலப்பேனோ மிளகாய் 2,500 முதல் 8,000 அலகு. அபனேரோ 100,000 முதல் 350,000. அபனேரோவில் தெரிந்தெடுத்த ‘ரெட் சவீனா’ என்னும் வகை 577,000 அலகு பெற்று 1994 முதல் முதலிடத்தில் இருந்தது. இந்நிலையில், 2000ஆம் ஆண்டிலே அசாமின் தேஸ்பூரிலுள்ள இந்தியப் பாதுகாப்பு ஆய்வுகூடத்தார், தம் அயலிலே விளையும் மிளகாயொன்று 855,000 அலகு காட்டியதாக வெளியிட்டனர். மேலைநாட்டு மிளகாய் அறிஞர் பலர் நம்பவில்லை. அசாமிற் சேகரிக்கப்பட்ட விதை 2001இல் நியூ மெக்சிக்கோவுக்குப் போய்ச் சேர்ந்தது. அங்கே போல் பொஸ்லண்ட் என்னும் பேராசிரியர் அதனைப் பயிரிட்டார். காய் பிடிப்பது அரிதாயிருந்தமையால் வேண்டிய அளவு விதை சேர்வதற்கே ஆண்டுகள் சென்றன. 2005இல் மற்ற மிளகாய்களோடு ஒரே நிலத்திற் பயிரிட்டு அளந்தபோது கிடைத்த எண் 1,001,304. பத்து இலட்சம் என்னும் எல்லையைத் தாண்டியதாக அறிஞர் உலகம் ஒப்புக்கொண்ட முதல் மிளகாய் இதுவே.

ஒரு செய்தி ஈண்டு நோக்கற்பாலது. தேஸ்பூரார் சொன்னபோது ஐயுற்ற உலகம், கடல் கடந்த ஆய்வுகூடம் சொன்ன பின்னரே நம்பியது. மறு ஆய்வு விஞ்ஞானத்துக்கு இன்றியமையாததே; அதனைக் குறை கூறுவதற்கில்லை. ஆனால் அம்மலைமக்கள் எந்த ஆய்வுகூடமும் சொல்லுமுன்னரே அதற்கு அரசன் என்று முடிசூட்டிவிட்டனர் என்பதையும் மறத்தல் ஆகாது.

தீயில்லாத சூடு

கப்செய்சின் உடலில் எதையும் சுடுவதில்லை. ஆயினும் சுடுவதுபோல் உணர்கின்றோம். இதன் மருமத்தை 1997இல் கலிபோர்னியாவிலே டேவிட் ஜூலியஸ் என்பவரும் அவருடன் உழைத்தோரும் கண்டுபிடித்தனர். நோவுணர்ச்சி நரம்புகளிலே ஒரு நுண்வாயில் உண்டு. 43 பாகை செல்சியஸ் அளவுக்கு மேற்பட்ட சூடு பட்டால் அது திறக்கும். மூளைக்குச் ‘சுடுகின்றது’ என்ற செய்தி செல்லும். அதே வாயிலைக் கப்செய்சினும் திறந்துவிடுகின்றது. கள்ளத் திறவுகோல் கொண்டு பூட்டைத் திறக்கும் திருடனை ஒத்தது அதன் செயல். மூளை மெய்யான தீயென்றே நம்பி வியர்வையையும் கண்ணீரையும் அனுப்பி உடலைக் குளிர்விக்க முயலும். இக்கண்டுபிடிப்பைச் சிறப்பித்து 2021ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசு ஜூலியசுக்கும், தொடுவுணர்ச்சியை ஆராய்ந்த ஆர்டெம் பட்டபூட்டியனுக்கும் வழங்கப்பட்டது.

செடி இந்த நஞ்சை ஏன் சுரக்கின்றது? பறவைகளின் நரம்பு வாயிலைக் கப்செய்சின் திறப்பதில்லை. கிளி மிளகாய்ப் பழத்தை இனிது தின்பதை நாம் கண்டிருக்கின்றோம். பறவையின் வயிற்றில் விதை சிதையாது. பறந்து சென்ற இடத்தில் எச்சத்தோடு விழுந்து முளைக்கும். எலி முதலிய விலங்குகளோ பல்லால் விதையை அரைத்து அழித்துவிடும். ஆகவே அழிப்பவரை விரட்டிப் பரப்புபவரை அழைக்கும் தந்திரமாய் உறைப்பு அமைந்தது. அரிசோனாவின் காட்டுமிளகாயைக் கொண்டு 2001இல் வெளியிட்ட ஆய்வு இதனை நிறுவியது. பொலீவியாவிலே செய்து 2008இல் வெளியான மற்றோர் ஆய்வு, விதையை அழுகச் செய்யும் பூஞ்சணத்தையும் உறைப்புத் தடுக்கின்றது எனக் காட்டியது. விலங்குகளை விலக்குவதற்காக இயற்கை வைத்த வேலியை மனிதன் விரும்பித் தாண்டி வந்துவிட்டான்.

மண்ணும் மழையும்

உறைப்பு விதையில் மாத்திரம் எழுதப்பட்டதன்று. தேஸ்பூரிலே விளைந்த இம்மிளகாயின் விதையைக் கொண்டு சென்று மத்திய இந்தியாவின் வறண்ட குவாலியரிலே பயிரிட்டனர். செடி வளர்ந்தது, காயும் வந்தது. ஆனால் உறைப்புப் பாதிக்கும் கீழாகக் குறைந்துவிட்டது. ஈரக்காற்றும் பெருமழையும் வெப்பமும் ஒருங்கே கூடிய வடகீழ் மலைச்சாரலின் கொடையே அவ்வுறைப்பு என்பது இதனாற் புலனாகும். குறிஞ்சிக்கு ஒரு பண், முல்லைக்கு ஒரு பண் என்று நிலத்தோடு வாழ்வைப் பொருத்திக் கண்ட மரபினர்க்கு இவ்வுண்மை புதியதன்று. விதையைக் கொண்டு போகலாம். நிலத்தைக் கொண்டு போக முடியாது.

மலைமக்களின் அடுக்களை

நாகாலாந்திலே காட்டை வெட்டி எரித்துப் பயிரிடும் மலைச்சேனைகளிலும், மூங்கிற் காட்டோரங்களிலும், வீட்டுத் தோட்டங்களிலும் இது வளர்கின்றது. பெரேன் மாவட்டம் இதற்குப் பேர்பெற்றது. அடுப்பின் மேலே புகையில் உலர்த்திய பன்றியிறைச்சியோடு மூங்கிற் குருத்தும், ‘அக்குனி’ எனப்படும் புளித்த சோயா அவரையும் சேர்த்துச் சமைக்கும் கறிக்கு இம்மிளகாயே உயிர். மணிப்பூரார் அவித்த காய்கறியைப் புளித்த கருவாட்டோடு மசித்து ஆக்கும் ‘எரொம்பா’விலும் இதனைச் சேர்ப்பர். அசாமியர் கடுகெண்ணெயில் ஊறுகாய் இடுவர்.

எவ்வளவு சேர்ப்பர் என்பதே கவனிக்கத்தக்கது. ஒரு குடும்பத்தின் கறிக்கு ஒரு காய் போதும். சில வீடுகளில் அதுவும் முழுதாகச் செல்வதில்லை. கொதிக்கும் கறியிலே காயைச் சிறிது நேரம் இட்டு மணம் இறங்கியதும் எடுத்துவிடுவதும் உண்டு. அவர்கள் தேடுவது மணத்தை. உறைப்பு அம்மணத்தின் காவலன். வல்லமை மிக்க பொருளை அளவறிந்து கையாளுதல் ஒரு பண்பாடு. அப்பண்பாடு அம்மலைகளிலே பாட்டியிடமிருந்து பேர்த்திக்குப் போய்க்கொண்டிருக்கின்றது.

அடுக்களைக்கு வெளியிலும் இதற்குத் தொழில் உண்டு. அசாமிலே யானைகள் வயலிற் புகுந்து அழிவு செய்வது பெருந்தொல்லை. 2007இல் இம்மிளகாய்ப் பொடியை மசகெண்ணெயிற் குழைத்துக் கயிற்றிற் பூசி வேலியாகக் கட்டிப் பார்த்தனர். யானையும் பாலூட்டியாதலால் அந்த நெடியை அது தாங்காது. யானையைக் கொல்லாமலும் பயிரை இழக்காமலும் காக்கும் வழியாய் அது தோன்றியது. 2010இல் இந்தியப் பாதுகாப்பு ஆய்வாளர் இதனைக் கொண்டு கண்ணெரிக்கும் புகைக்குண்டு செய்யலாமென அறிவித்தனர். மருத்துவத்திலும் கப்செய்சின் இடம்பெற்றுவிட்டது. நோவுணரும் நரம்பை அது முதலில் தூண்டிப் பின்னர் மரக்கச் செய்துவிடும். அக்கிப் புண் ஆறிய பின்னும் ஆறாத நரம்பு நோவுக்குக் கப்செய்சின் ஊட்டிய ஒட்டுத்துணியை ஐக்கிய அமெரிக்கா 2009இல் அங்கீகரித்தது. நோவைத் தருவதே நோவுக்கு மருந்துமாயிற்று.

போட்டியின் விலை

முதலிடம் என்பது பிறர் பறித்துக்கொள்வதற்கென்றே உள்ள இடம். 2011இல் இங்கிலாந்தின் ‘நாகா வைப்பர்’ முந்தியது. அவ்வாண்டிலேயே 1,463,700 அலகோடு ‘டிரினிடாட் ஸ்கோர்ப்பியன்’ குலத்து மிளகாயொன்று அதனை வென்றது. 2013இல் ஐக்கிய அமெரிக்காவின் ‘கரோலைனா ரீப்பர்’ 1,569,300 அலகோடு வந்தது. பின்னர் அதன் அளவு 1,641,183 என உயர்ந்தது. 2023இல் அதனை உருவாக்கிய எட் கரி என்பவரே ‘பெப்பர் எக்ஸ்’ என்ற காயை 2,693,000 அலகோடு கொண்டு வந்தார். வென்றவர்களின் குலத்தை விசாரித்தால், நாகா வைப்பர் நாகமலை மிளகாயின் கலப்பிற் பிறந்ததென்று அதனை உருவாக்கியவரே கூறினார். கரோலைனா ரீப்பரின் பெற்றோருள் ஒன்றும் நாகக் குலத்து மிளகாயே எனப்படுகின்றது. அரசனை வீழ்த்தியோர் அவனுடைய வழித்தோன்றல்களே.

உறைப்பு இவ்வாறு ஓட்டப்பந்தயமாய் மாறியதன் பின்விளைவு நகைப்புக்குரியதன்று. 2009இல் அசாமின் ஜோர்ஹாட் நகரில் ஒரு பெண்மணி இரண்டு நிமிடத்தில் 51 காய்களை உண்டு காட்டினார். அது பிறந்த நாள் தொட்டுப் பழகியவரின் அரிய ஆற்றல். அத்தகைய பழக்கம் இல்லாதோர் பந்தயத்துக்காக உண்ணும்போது நிலைமை வேறாகின்றது. 2016இல் வெளிவந்த மருத்துவக் குறிப்பொன்று, ஐக்கிய அமெரிக்காவிலே இம்மிளகாயைப் போட்டியிற் தின்று கடுமையாக வாந்தியெடுத்த ஒருவரின் உணவுக்குழாய் கிழிந்த செய்தியைக் கூறுகின்றது. உடனே அறுவைச் சிகிச்சை செய்ததனால் உயிர் பிழைத்தார். 2023இல் மசச்சூசெற்சில் 14 வயது மாணவன் ஒருவன், கரோலைனா ரீப்பரும் நாகா வைப்பரும் பூசிய ஒற்றைச் சிப்ஸைச் சவாலாக ஏற்றுத் தின்று அன்றே உயிரிழந்தான். பிறவியிலேயே அவன் இதயத்தில் இருந்த குறையோடு, பெருமளவு கப்செய்சின் உட்சென்றதையும் பிரேத பரிசோதனை காரணமாகக் காட்டியது.

மாணவரோடு பழகும் ஆசிரியர் இச்செய்தியை நினைவில் வைத்தல் நன்று. அம்மாணவன் தின்றது உணவன்று, ஓர் எண். மலைமக்கள் தம் பிள்ளைகளுக்கு மிளகாயைக் கொடுக்கும்போது அளவையும் சேர்த்தே கொடுத்தனர். சந்தை மிளகாயை எடுத்துக்கொண்டது. அளவை அங்கேயே விட்டு வந்துவிட்டது.

பெயர் யாருக்கு உரியது?

புதிய மிளகாயை உருவாக்குவோர் அதன் பெயரையும் விதையையும் தம் உடைமையாகக் காக்கின்றனர். பெப்பர் எக்ஸின் விதையை அதன் உரிமையாளர் வெளியே விற்கவில்லை. தம் உழைப்பின் பயனைக் காக்க அவர்க்கு உரிமை உண்டு. ஆனால் அவ்வுழைப்புக்கு முன்னே நெடுங்கால உழைப்பு ஒன்று கிடக்கின்றது. ஆண்டுதோறும் நல்ல காயைத் தெரிந்து, விதையைச் சாம்பலிற் புரட்டிக் காத்து, அயலாருக்கு இலவசமாய்க் கொடுத்த உழவப் பெண்களின் உழைப்பு அது. அதற்குப் பெயரில்லை, உரிமைப் பத்திரமும் இல்லை.

அக்குறையை ஒருசிறிது நீக்க 2008இல் ‘நாகா மிர்ச்சா’ என்னும் பெயருக்கு இந்திய அரசு புவிசார் குறியீடு வழங்கியது. நாகாலாந்தில் விளைந்த காய்க்கே அப்பெயர் உரியது என்பது அதன் கருத்து. 2021ஆம் ஆண்டு யூலைத் திங்களிலே பெரேன் மாவட்டத்திலிருந்து புதிய அரச மிளகாய் குவாகாத்தி வழியாக இலண்டனுக்கு முதன்முறையாக ஏற்றுமதியாயிற்று. மென்தோலுடைய இக்காய் விரைவில் அழுகும், மலைப்பாதை நீண்டது, எனவே இது சிறு தொடக்கமே. எனினும் விதை மாத்திரம் வெளியேறிக்கொண்டிருந்த மண்ணிலிருந்து, தன் சொந்தப் பெயரோடு காய் வெளியேறியது என்பதில் ஒரு நீதி இருக்கின்றது.

குறியீடு பெயரைக் காக்கும்; விதையைக் காக்காது. சந்தைக்கேற்ற ஒரே வகையை எல்லோரும் பயிரிடத் தொடங்கினால், மஞ்சளும் கபிலமும் செம்மஞ்சளுமாய் ஊருக்கு ஊர் வேறுபட்ட காய்கள் மறைந்துபோகும். அவ்வேறுபாடுகளை ஆய்வுகூடத்துக் குளிர்பெட்டி ஓரளவு காக்கலாம். தோட்டத்து மூலையிலே ஒரு செடியையேனும் விட்டுவைக்கும் கை அவற்றை நன்றாகவே காக்கும்.

முதலிடம் இன்று நாகமலையினிடம் இல்லை. இனி அது மீள்வதும் அரிது. அதனால் அம்மலைமக்களின் கறியில் மணம் குன்றிவிடவில்லை. உலகப் பட்டியலிலே பெயர் ஏறுமுன்னும் அம்மிளகாய்க்கு அவர்கள் இட்ட பெயர் அரசன். பட்டியலிலிருந்து இறங்கிய பின்னும் அதே பெயர்தான். எண்ணாற் கிடைத்த முடியை மற்றோர் எண் பறித்துக்கொண்டது. பயன்படுத்துவோரின் மதிப்பினாற் கிடைத்த முடி இன்றும் அம்மலைகளிலே இருக்கின்றது.